கைட்டின் சிந்தேஸ்: கட்டும் சொல்லின் வாலில் ஒரு வெட்டு

பூஞ்சையின் செல் சுவரைப் பற்றிப் படிக்கும் எவரும் முதல் பக்கத்திலேயே சந்திக்கும் பெயர் கைட்டின் சிந்தேஸ். சுவருக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளைக் கட்டும் நொதி அது. அதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 'கைட்டின்' என்பதன் வேர் சட்டை. 'சிந்தே' என்றால் சேர்த்து வைத்தல். வாலில் தொங்கும் 'ஏஸ்' பிரித்தலைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து அறுத்து எடுத்தது. சட்டை, சேர், பிரி!

சட்டையிலிருந்து தொடங்குவோம். 1811இல் ஆன்றி பிராக்கனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் காளான்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து 'ஃபங்கின்' என்று பெயரிட்டார். 1823இல் ஓகுஸ்த் ஓடியே அதே வகைப் பொருளை வண்டின் கெட்டி இறக்கையில் கண்டார். உடலைப் போர்த்தும் அங்கியைக் குறிக்கும் 'கிட்டோன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் 'கைட்டின்' என்று பெயர் வைத்தார். முதலில் கண்டது காளானில். நிலைத்ததோ வண்டுக்கு வைத்த பெயர். தமிழுக்கு இந்த உவமை புதிதல்ல. பாம்பு உரித்துப் போடுவதை நாம் சட்டை என்றுதான் சொல்கிறோம். (பாம்புச் சட்டை கெரட்டினால் ஆனது, கைட்டினால் அல்ல.)

வால் வேறு ஊர்க்கதை. 1833இல் பேயன், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவரும் முளைகட்டிய தானியத்திலிருந்து மாவுச்சத்தை உடைக்கும் பொருளைப் பிரித்து, விலகல் என்ற பொருள்பட 'டயாஸ்டேஸ்' என்றார்கள். பின்னால் வந்தவர்கள் அதன் வாலை மட்டும் வெட்டி எல்லா நொதிகளுக்கும் ஒட்டிவிட்டார்கள். உடைப்பதும் 'ஏஸ்', கட்டுவதும் 'ஏஸ்'.

நொதி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1877இல் கியூனே என்ற ஜெர்மானிய உடலியலாளர் உருவாக்கிய 'என்சைம்' என்ற பெயருக்கு 'புளிப்பூட்டும் ஈஸ்ட்டுக்குள் இருப்பது' என்று பொருள். தமிழும் நொதித்தலிலிருந்தே நொதியை எடுத்தது. இலங்கைப் பாடநூல்களில் நொதியம். ஈஸ்ட் ஒரு பூஞ்சை. ஆகவே அதன் சுவரைக் கட்டும் பொருளை நொதி என்னும்போது அந்தச் சொல் பிறந்த வீட்டுக்கே திரும்புகிறது.

இனி அதன் வேலை. பாம்பைப் போலப் பூஞ்சை சட்டையை உரிப்பதில்லை. உடுத்தியபடியே பிரித்துத் தைத்துப் பெரிதாக்க வேண்டும். உள்ளே நீரழுத்தம் ஓயாமல் நெருக்குகிறது. தையல் விட்டால் செல் வெடித்துவிடும். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் கைட்டின் சிந்தேஸ், உட்புறமிருந்து அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரை அலகை ஒவ்வொன்றாகக் கோத்து, நீளும் சங்கிலியை வெளிப்புறம் தள்ளுகிறது. வெளியே சங்கிலிகள் அணிசேர்ந்து இழையாக இறுகுகின்றன. பக்கத்திலேயே குளூக்கன் சிந்தேஸ் என்ற இன்னொரு நொதி, சுவரின் பெரும்பகுதியான குளூக்கன் என்ற குளுக்கோஸ் சங்கிலியை நெய்கிறது. காஸ்போஃபஞ்சின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து இந்த இரண்டாவது தறியைத்தான் நிறுத்துகிறது. மனித செல்லுக்குச் சுவரே கிடையாது என்பதால் அங்கே அதற்கு நிறுத்த ஒன்றுமில்லை.

நெய்தது மட்டும் போதாது. ஒரு குளூக்கன் இழையை அறுத்து, அறுத்த நுனியை இன்னோர் இழையில் பொருத்தி நீட்டும் நொதிகள் உண்டு. கைட்டினையும் குளூக்கனையும் பிணைப்பவை வேறு. இவற்றை 'வெட்டி ஒட்டும் நொதிகள்' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ரொட்டி ஈஸ்ட் மொட்டு விடுவதைப் பாருங்கள். அதில் கைட்டின் சிந்தேஸ் மூன்று வகை. மொட்டின் கழுத்தில் முதலில் ஒரு கைட்டின் வளையம் உருவாகிறது. அதை இடுவது மூன்றாம் சிந்தேஸ். மொட்டு முதிர்ந்ததும் தாய்க்கும் சேய்க்கும் நடுவே இரண்டாம் சிந்தேஸ் தடுப்பை எழுப்புகிறது. பிறகு சேய் செல்லின் பக்கமிருந்து, கைட்டினை உடைக்கும் நொதியான கைட்டினேஸ் வந்து அந்தத் தடுப்பை அறுக்கிறது. அறுவை கொஞ்சம் மிஞ்சிப் போனால் முதலாம் சிந்தேஸ் ஒட்டுப்போடுகிறது. கைட்டினேஸ் இல்லாவிட்டால் செல்கள் பிரியாமல் கொத்தாகவே கிடக்கும். கைட்டினில் ஒட்டும் கால்கோஃபுளோர் சாயத்தைப் பூசிப் புற ஊதா ஒளியில் வைத்தால், தாயின் மேல் நீல வளையங்கள் ஒளிரும். ஒவ்வொரு வளையமும் பிரிந்துபோன ஒரு சேயின் தழும்பு; எண்ணிப் பார்த்தால் அது எத்தனை ஈன்றது என்று தெரிந்துவிடும்.

தமிழில் எப்படிச் சொல்வது? கைட்டினை அப்படியே விட்டுவிடலாம். ஒரு வேதிப்பொருளைச் 'சட்டையம்' என்று மாற்றிவைத்தால் யாருக்கும் புரியாது. சிந்தேஸுக்குத் 'தொகுப்பு நொதி' பொருந்தும். ஒளிச்சேர்க்கைக்கு ஒளித்தொகுப்பு என்று முன்பே பழகிய சொல்தான். கைட்டினேஸில்தான் எனக்குப் பிணக்கு. அதைச் 'சிதைப்பு நொதி' என்று எழுதும் வழக்கம், பூச்சியின் ஓட்டைக் கரைக்கும் இடத்துக்குச் சரி. தாயையும் சேயையும் பிரித்துவிடும் இடத்தில் சிதைவு எங்கே இருக்கிறது? தொப்புள்கொடி அறுப்பதை யாராவது சிதைப்பது என்போமா? அங்கே 'கைட்டின் வெட்டு நொதி' என்றே எழுதுகிறேன்.