இரண்டு தெருவுக்கும் வாசல் உள்ள நூலகம்

போன மாதம் ஓர் அம்மா நூலகத்துக்கு வந்தார். தயங்கித் தயங்கி, "சின்னப் பிள்ளைங்களுக்குச் செஸ் சொல்லித் தரலாம்னு இருக்கேன். இங்க இடம் குடுப்பீங்களா? வாடகை எவ்வளவு?" என்றார். வாடகையே கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. "அப்ப யாரு சிபாரிசு வேணும்?" என்று அடுத்துக் கேட்டார்.

நூலகம் என்றால் புத்தகம் எடுக்கவும் பேப்பர் படிக்கவும் உள்ள இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு கூடம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் அதைச் சொந்தக் கல்யாண மண்டபமாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கிளை நூலகர் நான்.

முதலில் சிபாரிசு விஷயம். அன்றைய சென்னை மாகாணம் முழுமைக்குமாகச் சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல வருஷம் விடாமல் முட்டி மோதியதன் பலன் அது. அந்தச் சட்டத்தின்படி, நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. இன்றைய கணக்கில் ரூபாய்க்குப் 10 பைசா. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய், அங்கிருந்து புத்தகமாகவும் மின்கட்டணமாகவும் எங்களுக்குத் திரும்பி வருகிறது. வரி கட்டுகிறவர் தன் கூடத்தைக் கேட்க எதற்குச் சிபாரிசு? ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

இந்தப் பக்கத்தில் நூலகமும் கூட்டம் கூடுவதும் என்றைக்குமே ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை 1909-இல் தொடங்கியது. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917-இல் வந்தது, பாரதியார் 1919-இல் அங்கே வந்து பாடியிருக்கிறார். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே செட்டிநாட்டில் நூலகத்துக்குள் பேச்சுச் சத்தம் கேட்டால் அது புதுப் பழக்கம் இல்லை.

சரி, எங்கள் கட்டடத்துக்கு வருகிறேன். அது ஒரு பழைய நகரத்தார் வீடு. வாடகை இல்லாமல் நூலகத்துக்கு விட்டிருக்கிறார்கள். தெருவிலிருந்து ஏழெட்டுப் படி ஏறினால் முகப்பும் திண்ணையும். அதைத் தாண்டினால் வளவு என்கிற உள்கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். அப்புறம் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி இருந்த கட்டு. கடைசிக் கதவைத் திறந்தால் அடுத்த தெரு. இந்த ஊர்ப் பெரிய வீடுகள் எல்லாம் இப்படித்தான், ஒரு தெருவில் ஆரம்பித்து மறு தெருவில் முடியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் பூட்டியே கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு உரியது.

இங்கேதான் முதல் பாடம் படித்தேன். வீட்டை விட்டுத் தந்தவர் பெரியவர் ஒருவர். பேசியதும் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். ஒரு நாள் உலகப் புத்தக தினத்துக்காக வளவுத் தேக்குத் தூணில் ஆணி அடித்துப் பேனர் கட்டிவிட்டோம். அந்தப் படம் எப்படியோ சிங்கப்பூரில் இருக்கும் இன்னொரு பங்காளியின் செல்போனுக்குப் போய்விட்டது. இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. "அந்தத் தூணு எங்க ஐயா பர்மாவுலேருந்து கொண்டாந்தது, தெரியுமா?" என்றார். அவர் கோபம் நியாயம்தான். அதன்பிறகு எல்லாப் பங்காளிகளிடமும் எழுதி வாங்கினோம். எந்தெந்த இடம் எங்களுக்கு, எதில் ஆணி அடிக்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு வரும்போது எத்தனை நாள் வளவை ஒழித்துத் தர வேண்டும், மழைக்கு ஓடு உடைந்தால் செலவு யாருடையது என்று எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. உங்கள் ஊரில் யாராவது நூலகத்துக்கு வீடு தருகிறேன் என்றால், நன்றி சொல்லிவிட்டு, பங்காளிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இனி, இடத்தைப் பிரிக்கிற கதை. காலையில் கதவு திறக்கும்போதே தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிற்பார்கள். குரூப் 4, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு. உள்ளே வந்ததும் நாற்காலிக்கு ஒரு பை. பை உட்கார்ந்திருக்கும், ஆள் டீக்கடையில் இருப்பார். பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் நின்றுகொண்டே படிக்க வேண்டியதாயிற்று. அதில் ஒருவர் என்னிடம், "தம்பி, துண்டு போட்டு எடம் புடிக்க இது என்ன டவுன் பஸ்ஸா?" என்று கேட்டே விட்டார். அரை மணி நேரம் ஆள் இல்லாவிட்டால் பையை எடுத்து மேசையடியில் வைத்துவிடுவோம் என்று பலகையில் எழுதினேன். முதல் வாரம் சண்டை, இரண்டாம் வாரம் முணுமுணுப்பு, அப்புறம் பழகிவிட்டது.

ஆனால் சத்தம் பழகவில்லை. செட்டிநாட்டு வீட்டின் அழகே அதற்கு எதிரி. கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, உயரமான கூரை. வளவில் ஒரு குழந்தை சிரித்தால் இரண்டாம் கட்டில் நாலு குழந்தை சிரிக்கும். கதை நேரம் வைத்த முதல் நாளே தேர்வுப் பிள்ளைகள் எழுந்து வந்து நின்றார்கள். அவர்களை அடுப்படிக் கட்டுக்கு மாற்றி, இடையிலுள்ள கதவைச் சாத்தி, வளவில் கோரைப்பாய் விரித்த பிறகுதான் ஓரளவு அடங்கியது. மழை நாளில் முற்றத்துச் சாரலால் தரை வழுக்கும், அன்றைக்குக் கதை கிடையாது. கதை நேரத்தை முதலில் வார நாள் மாலையில் வைத்து ஏமாந்தேன். பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். ஞாயிறு காலைக்கு மாற்றியதும் பாய் போதவில்லை.

பெண்கள் விஷயத்தில்தான் எனக்குக் கண் திறக்க நாளாயிற்று. உறுப்பினர் பதிவேட்டில் பெண்கள் பெயர் நிறைய இருந்தது. நேரில் வருகிறவர்கள் குறைவு. தம்பியையோ மகனையோ அனுப்பிப் புத்தகம் எடுத்தார்கள். ஒரு ஆச்சியிடம் கேட்டேன். "முகப்புத் திண்ணை பூரா ஆம்பளையா உக்காந்து பேப்பர் படிக்கிறாக. அத்தனை பேரையும் தாண்டி உள்ள வரணுமாக்கும்?" என்றார். இத்தனை வருஷம் அந்தத் திண்ணையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

உடனே கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தேன். மதியத்துக்கு மேல் பின்தெருக் கதவைத் திறந்துவிட்டேன். பெண்கள் வரத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது மாதம் ஒரு கல்லூரி மாணவி வந்து நேரே கேட்டாள்: "சார், எங்களை மட்டும் ஏன் புழக்கடை வழியா வரச் சொல்றீங்க?" பதில் இல்லை என்னிடம். அன்றைக்கே பேப்பர் மேசையைத் திண்ணையிலிருந்து எடுத்து வளவின் ஒரு பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். பெரியவர்கள் காற்று வரவில்லை என்றார்கள். மின்விசிறி ஒன்றைப் புரவலர் ஒருவர் வாங்கித் தந்தார். (1,000 ரூபாய் கட்டினால் நீங்களும் நூலகப் புரவலர் ஆகலாம். இதையும் சொல்லி வைக்கிறேன்.) இப்போது திண்ணை காலி, முன்வாசல் எல்லோருக்கும். பின்வாசலை முழுக்க மூடவில்லை. அந்தப் பக்கம் படி கிடையாது. முழங்கால் வலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் அதுதான் வழி.

அடுத்தது கூட்டாளிகள். நூலகத்தில் ஆள் குறைவு. எங்கள் கிளையில் நான் ஒருவன், துப்புரவுக்கு ஒருவர் பகுதி நேரம். ஆகவே எந்த நிகழ்ச்சி என்றாலும் வெளியாள் கை கொடுத்தால்தான் நடக்கும். ரங்கநாதன் காலத்திலேயே அப்படித்தான். 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் ஓடியது என்றால், வண்டியும் மாடும் ஊர்க்காரர் மனசும் சேர்ந்ததால்தான் ஓடியிருக்கும். இன்றைக்கு நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வண்டிதான் ஸ்கூட்டராக மாறியிருக்கிறது.

கூட்டாளி என்று வருகிற எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பயிற்சி மையம் ஒன்று இலவச மாதிரித் தேர்வு நடத்தித் தருகிறோம் என்று வந்தது. மகிழ்ந்துபோய் வாய்ப்பேச்சிலேயே சரி என்றேன். மூன்றாவது வாரம் நூலக வாசலில் அவர்கள் பிளெக்ஸ், ஏதோ அது அவர்கள் கிளை மாதிரி. தேர்வு எழுதிய பிள்ளைகளின் செல்போன் எண்களை வாங்கிக்கொண்டு, இரவு பகல் பாராமல் பெற்றோருக்குப் போன் போட்டுச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "நீங்கதான் நம்பர் குடுத்தீகளா?" என்று கேட்டபோது தலை குனிந்தது. தப்பில் பாதி அவர்களுடையது, பாதி என்னுடையது. எழுதி வாங்கவில்லையே.

இப்போது யார் வந்தாலும் ஒரு பக்கத் தாள் நீட்டுகிறேன். கட்டணம் வாங்கக் கூடாது, எதையும் விற்கக் கூடாது, வந்தவர்களின் பெயர், எண் எதையும் எடுத்துப் போகக் கூடாது, பேனரில் நூலகப் பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும், முடிந்ததும் நாற்காலியை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கட்சிக் கூட்டத்துக்கும் மதப் பிரசாரத்துக்கும் இடம் இல்லை. பிறந்தநாளுக்கும் இல்லை, அது எந்தப் பெரிய வீட்டுப் பிறந்தநாளாக இருந்தாலும். தாளைப் படித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வராததில் எனக்கு வருத்தம் இல்லை.

நல்ல கூட்டாளிகள் பெரும்பாலும் சத்தமில்லாதவர்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று நவம்பரில் வாழ்நாள் சான்று தர வேண்டும். தேசிய நூலக வாரமும் அதே மாதம், 14 முதல் 20 வரை. தபால்காரரிடம் பேசினோம். அவர் கைரேகைக் கருவியோடு வந்து வளவில் உட்கார்ந்தார். நூலக வார விழாவுக்கு எட்டிப் பார்க்காத பெரியவர்கள் சான்றுக்கு வந்து, காத்திருந்த நேரத்தில் புத்தகம் புரட்டி, உறுப்பினராகிப் போனார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் மாதம் ஒரு நாள் ரத்த அழுத்தம் பார்க்கிறார். அழகப்பா பல்கலைக்கழகத்து நூலக அறிவியல் மாணவர்கள் வந்தால் புத்தக அட்டவணை வேலை மளமளவென்று முடியும்.

கொடை என்று வரும் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையில் முடியாது, இருந்தாலும். வீடு ஒழிக்கிறார்கள் என்றால் டிரங்குப் பெட்டி டிரங்குப் பெட்டியாக எங்கள் வாசலுக்கு வரும். பாதி பழைய பாடப்புத்தகம், உரை நூல், பக்கம் பக்கமாய்ப் பிய்ந்த வார இதழ். அதை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது, வருத்தப்படாதீர்கள். ஆனால் அதே பெட்டியின் அடியில் ரங்கூனில் அச்சான ஒரு சிறு நூலோ, எழுபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகையோ, வட்டிக்கடைப் பேரேடோ கிடக்கும். அதை நீங்களாகப் பிரித்துப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்றொருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதியவர். ஊரார் வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் சேர்த்துச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது நிற்கிறது. கோட்டையூரிலிருந்து எங்கள் ஊர் கூப்பிடு தூரம்தான். அதனால்தான் பெட்டியை மேலோட்டமாகப் பார்த்துத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது. ஓலைச்சுவடி இருந்தால் துடைக்காமல், எண்ணெய் தடவாமல் அப்படியே கொண்டுவாருங்கள். அதைப் பாதுகாக்கும் வசதி கிளை நூலகத்தில் இல்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ சென்னைக்கோ போக வழி சொல்ல முடியும்.

செஸ் அம்மாவுக்கு ஞாயிறு மதியம் கிடைத்திருக்கிறது, கதை நேரம் முடிந்து பாய் சுருட்டிய பிறகு. அந்த நேரம் வளவில் வெயில் முற்றத்தோடு நின்றுவிடும், பலகை வைக்க வசதி. இரண்டு செஸ் பலகை இருக்கிறது. இன்னும் நாலு வேண்டும், வீட்டில் சும்மா கிடந்தால் கொடுங்கள்.

கூடம் கேட்க வருகிறவர்கள் பதினைந்து நாள் முன்னால் எழுதித் தாருங்கள். என்ன நிகழ்ச்சி, எத்தனை பேர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பொறுப்பு யார். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பங்காளிகள் படைப்புக்கு வரும் நாட்களை வாசல் பலகையில் எழுதிப் போடுவேன், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்படி ஏற முடியாதவர்கள் பின்தெருவில் மணியை அழுத்துங்கள். வந்து திறக்கச் சற்று நேரமாகும், நாலு கட்டுத் தாண்டி வர வேண்டும்.