தேதியை மாற்ற டெவலப்பர் எதற்கு?

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து போன். "சார், கூட்டத்தை 14-ஆம் தேதியிலிருந்து 21-க்குத் தள்ளி வைத்திருக்கிறோம். வெப்சைட்டில் மாற்றப் போனேன், பாதிப் பக்கத்தைக் காணோம்." பேசியவர் அலுவலக உதவியாளர். அழாத குறை. இப்படி வரும் போன்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தால், அந்தத் தேதி மூன்று இடங்களில் இருந்தது. அறிவிப்புப் பக்கத்தில் ஒன்று. எல்லாப் பக்கங்களின் அடியிலும் வரும் பட்டையில் ஒன்று. அதைத் திருத்தும் திரையே வேறு. மூன்றாவது, முகப்பு பேனரில், படத்தோடு படமாக. அதை மாற்ற டிசைனரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அறிவிப்புப் பக்கமோ பேஜ் பில்டரில் (பெட்டிகளை இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் கருவி) கட்டியது: பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. எழுத்தை அழிப்பதாக நினைத்துப் பெட்டியையே அழித்திருக்கிறார். முந்தைய பதிப்பை மீட்க இரண்டே நிமிடம்தான் ஆனது. அப்படி ஒரு வசதி இருப்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தத் தளம் ஓடுவது வேர்டுபிரஸில், அதாவது கோடு எழுதத் தெரியாதவரும் தளத்தைத் திருத்த உதவும் மென்பொருளில். மறுநாள் மேலாளர் சொன்னதுதான் இதை எழுத வைத்தது. "வேர்டுபிரஸ்தானே சார், ஈசி என்றார்களே? இவருக்குத்தான் கம்ப்யூட்டர் வராது."

அலுவலகக் கணக்கு முழுவதையும் எக்செல்லில் போடுகிறவருக்குக் கம்ப்யூட்டர் வராதாம்!

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வேர்டுபிரஸ் ஈசி என்பதால் உங்கள் தளமும் ஈசி ஆகிவிடாது. 2018 கடைசியில் 5.0 பதிப்போடு வந்த பிளாக் எடிட்டரில் (ஒவ்வொரு பத்தியும் படமும் அதில் தனித்தனி பிளாக்) ஒரு பத்தியைத் திருத்துவது யாருக்கும் கைவரும். அதே வேர்டுபிரஸின் மேல் ஒரு பேஜ் பில்டர், கூடுதல் வசதிக்காக முப்பது ப்ளகின், தோற்றத்துக்காகக் கடையில் வாங்கிய தீம் என்று ஏற்றிவிட்டால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது கட்டியவருக்கே வழி தெரியாது. பெயர் மட்டும் அப்போதும் வேர்டுபிரஸ்தான். இதே வகை மென்பொருள்களான ட்ருபல், ஜூம்லா கதையும் இதேதான். எந்த மென்பொருள் என்று கேட்பதைவிட, ஒரு தேதியை மாற்ற எத்தனை இடத்துக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். தேதிக்கென்று ஒரே கட்டம் வைத்து, அதில் மாற்றினால் மூன்று இடத்திலும் தானாக மாறும்படி கட்டலாம். பெரிய வித்தை இல்லை. தொடக்கத்திலேயே கேட்க வேண்டும், அவ்வளவுதான். (நானும் ஒரு காலத்தில் பெட்டிக்குள் பெட்டி கட்டிக் கொடுத்தவன்தான்.)

பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வைக்கும் ஹியூகோ, ஜெகில் கருவிகளைப் பற்றி உற்சாகமாகப் பேசும் டெவலப்பர்களுக்கு: எனக்கும் பிடிக்கும், வேகமானவை. ஆனால் அவற்றில் திருத்துவதற்காக அலுவலக உதவியாளரை கிட் (டெவலப்பர்கள் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள். தளம் கட்டுவதையும் அதை வைத்திருப்பதையும் ஒரே நிறுவனம் கவனிக்கும் விக்ஸ் போன்ற சேவைகளில் திருத்துவது எளிது. அங்கே கட்டியதை அப்படியே வேறு சர்வருக்குத் தூக்கிப் போக முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், தினமும் திருத்தப் போகிறவரையே டெமோவில் உட்கார வையுங்கள். ஒரு தேதியை மாற்றட்டும், போனில் எடுத்த படம் ஒன்றை ஏற்றட்டும், தப்பாக அழித்ததை மீட்கட்டும். டெவலப்பர் மௌஸைத் தொடக்கூடாது. எங்கே தயங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். பக்கத்தின் அமைப்பைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். 2022-இல் வந்த வேர்டுபிரஸ் 6.0 பதிப்பிலிருந்து பிளாக்குகளைத் திரையிலேயே பூட்டலாம். வேர்டிலிருந்து ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லிக் கொடுங்கள். இல்லையென்றால் சில எடிட்டர்களில் வேர்டின் எழுத்துருவும் நிறமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், ஊழியருக்கு அட்மின் லாகின் வேண்டவே வேண்டாம். வேர்டுபிரஸில் பக்கங்களைத் திருத்தி வெளியிட விடும் எடிட்டர் பொறுப்பு போதும். பயந்துபோய், எழுதலாம் ஆனால் வெளியிட முடியாத கான்ட்ரிபியூட்டர் ஆக்கிவிடாதீர்கள். சாதாரணமாக அதில் படமே ஏற்ற முடியாது, மறுபடி எனக்குத்தான் போன் வரும். அட்மின் பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறீர்களே, அந்த மஞ்சள் தாளைத் தயவுசெய்து இன்றைக்கே கிழித்துவிடுங்கள். கிழித்த கையோடு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.