கோரியோகிராபி: தமிழில் என்ன சொல்லலாம்?

பாலக்காட்டில் சினிமா போஸ்டர் பார்த்து வளர்ந்த தமிழருக்குக் கோரியோகிராபி என்றால் 'நிருத்த சம்விதானம்'. வாளையாறைத் தாண்டிக் கோவைப் பக்கம் வந்தால் 'நடன அமைப்பு'. ஆட்டத்துக்கு இரண்டுமே சரி. ஆனால் நிறுவனங்களில் வேலைகள் எந்த ஒழுங்கில் நடக்க வேண்டும் என்று வகுக்கும் வணிகச் செயல்முறை மேலாண்மையில் இதே சொல்லுக்கு வேறு வேலை. பல நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும்போது, யார் யாருக்கு எந்தச் செய்தியை எந்த வரிசையில் அனுப்ப வேண்டும் என்று எழுதிவைக்கும் பொது ஏற்பாட்டுக்கு அங்கே கோரியோகிராபி என்று பெயர். அதை 'நடன அமைப்பு' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் திகைத்துத்தான் போவார்.

கிரேக்கத்தில் 'கோரேயா' என்பது பாட்டோடு சேர்ந்த கூட்டு ஆட்டம். நம் குரவைக்கு ரொம்ப நெருக்கம். 'கிராபைன்' என்றால் எழுதுதல். ஃபிரான்சில் ஃபெய்யே என்ற நடன ஆசிரியர் 1700-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லுக்கு ஆட்டத்தைக் குறியீடுகளால் தாளில் எழுதும் கலை என்றுதான் பொருள். ஆட்டத்தைப் புதிதாக உருவாக்குதல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, கணினிக்காரர்கள் சொல்லும் பொருள்தான் பழைய பொருளுக்குக் கிட்டத்தில் நிற்கிறது.

இதன் ஜோடிச் சொல் ஆர்க்கெஸ்ட்ரேஷன். 'ஆர்க்கெஸ்ட்ரா' கிரேக்க அரங்கில் குழுவினர் ஆடிய இடம். அதுவும் ஆட்டத்தில் பிறந்த சொல்தான். ஆனால் செயல்முறைத் துறையில் இரண்டும் எதிரெதிர். ஒரு நிறுவனம் நடுவில் இருந்துகொண்டு மற்ற சேவைகளை வரிசையாகக் கூப்பிட்டு வேலை வாங்கினால் அது ஆர்க்கெஸ்ட்ரேஷன். ஓயாசிஸ் என்ற தர அமைப்பு 2007-இல் தரமாக வெளியிட்ட டபிள்யூஎஸ்-பிபெல் 2.0 அதற்கான கணினி மொழி. நடுவில் யாரும் இல்லாமல், எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிப்படி அவரவர் பங்கை அவரவரே செய்தால் அது கோரியோகிராபி. இரண்டையும் 'ஒருங்கிணைப்பு' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இதுதான் எனக்குப் பெரிய குறை.

ஓர் உதாரணம். கோவையில் இருந்து பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடை ஒன்றுக்கு எண்பதாயிரம் ரூபாய்க்குப் பம்புசெட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டிக்கு முன்னால் என்றால் வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரி வரிசையில் நின்றிருக்கும். இப்போது சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது இணையதளத்தில் பதியும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு, வேண்டும். விற்பவர் முதல் பகுதியில் சரக்கு விவரத்தைப் பதிகிறார். லாரி ஆபீஸ்காரர் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணைச் சேர்க்கிறார். பில் போட்டவர் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். வாங்குபவர் 72 மணி நேரத்துக்குள், சரக்கு அதற்கு முன்பே வந்துவிட்டால் அதற்குள், ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று சொல்லலாம். ஒன்றுமே சொல்லாவிட்டால் மௌனம் சம்மதம், ஏற்றதாகவே கணக்கு. இணையதளம் நடுவில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பதிந்துகொண்டு பதில் சொல்கிறது, அவ்வளவுதான். லாரியை எடு, பணத்தைக் கொடு என்று அது யாரையும் ஏவுவதில்லை. இங்கே பேசாமல் இருப்பதும் ஒரு செய்தி என்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட செயல்முறையைப் படமாக வரையும்போது பலரும் கோட்டை விடுகிற இடம் இது.

இதையெல்லாம் ஏன் கணித முறையில் எழுத வேண்டும்? விற்பவர் செயல்முறை, 'பணம் வந்ததும் சரக்கை அனுப்பு' என்கிறது. வாங்குபவர் செயல்முறை, 'சரக்கு வந்ததும் பணத்தை அனுப்பு' என்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குற்றமில்லை. சேர்த்து ஓட்டினால் இரண்டும் அசையாமல் நிற்கும். ஜெர்மானியர் கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தந்த பெட்ரி வலை என்ற வரைபட முறையில், வேலை எங்கே நிற்கிறது என்பதை டோக்கன் என்ற புள்ளி காட்டும். அதில் இரண்டையும் வரைந்து இணைத்தால் இந்த முட்டுக்கட்டை பளிச்சென்று தெரியும்: டோக்கன் இருக்கிறது, நகர வழியில்லை. மில்னர், பாரோ, வாக்கர் மூவரும் உருவாக்கிய பை-கால்குலஸ் என்ற கணித முறை இதே சிக்கலைக் குறியீட்டுச் சமன்பாடுகளால் அணுகுகிறது.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. 'வண்டி எண் பதிவான பிறகே வாங்குபவர் முன்பணம் அனுப்ப வேண்டும்' என்று விதி எழுதுகிறோம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு லாரி ஆபீஸுக்கும் தளத்துக்கும் இடையே நடப்பது. கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரருக்கு யார் சொன்னார்கள்? மேலிருந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரிகிற வரிசையைக் கீழே இருப்பவர் கடைப்பிடிக்க முடியாது. அதனால்தான் செயல்முறைகளைப் படமாக வரைவதற்கான குறியீட்டுத் தரமாக 2011-இல் வந்த பிபிஎம்என் 2.0, ஒரு பரிமாற்றத்தைத் தொடங்குபவர் அதற்கு முந்தைய பரிமாற்றத்தில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வண்டி எண்ணைக் கடைக்காரருக்கும் ஒரு செய்தியாக அனுப்பிவிட்டால் விதி நடைமுறைக்கு வந்துவிடும்.

சரி, தமிழ்ச் சொல்? 'குரவை' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் அலுவலக ஆவணத்தில் ஒட்டாது. ஒருவரோடொருவர் செய்தி பரிமாறுவதை ஊடாட்டம் என்கிறோம்; 'ஊடாட்ட வரைவு' கிரேக்க வேருக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் வரைவு மசோதா, வரைவு அறிக்கை என்று பழகிய காதுக்கு அது இன்னும் முடியாத ஒன்றாகத் தோன்றும். 'ஊடாட்ட வரைமுறை' என்பதே என் தேர்வு. வரைதலும் அதில் இருக்கிறது, எல்லோரையும் கட்டுப்படுத்தும் முறையும் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரேஷனுக்கு 'மைய இயக்கம்' போதும். 'இந்த மூன்று நிறுவனங்களுக்கும் இடையே ஊடாட்ட வரைமுறை உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கு உள்ளேயும் நடப்பது மைய இயக்கம்' என்று எழுதினால் எது எது என்று குழப்பமில்லாமல் புரியும். நடனத்துக்கு மட்டும் நடன அமைப்பு அப்படியே இருக்கட்டும்.