மாவட்டத்துக்கு வந்த 5ஜி, மீனவக் கிராமத்துக்கு வருவது எப்போது?

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அரசு தந்த கணக்குப்படி, நாட்டின் 776 மாவட்டங்களில் 773-இல் 5ஜி சேவை வந்துவிட்டது. ராமநாதபுரமும் அதில் அடக்கம். அரண்மனைப் பகுதியிலோ ராமேசுவரம் ரத வீதியிலோ நின்று பார்த்தால் கைபேசித் திரையின் மேல்மூலையில் 5ஜி என்று எழுதியிருக்கும். அதே கைபேசியோடு சாயல்குடி தாண்டிக் கடற்கரைச் சாலையில் போனாலோ, வல்லத்தில் ஏறிச் சில கிலோமீட்டர் கடலுக்குள் போனாலோ அந்த எழுத்து பெரும்பாலும் மாறிவிடுகிறது. சில இடங்களில் எழுத்தே இருப்பதில்லை.

அரசின் கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கு மாவட்டத்தை அலகாக வைத்துப் போடப்படுகிறது. மாவட்டத் தலைநகரில் சேவை வந்தால் மாவட்டத்துக்கே வந்ததாகப் பொருள். இன்னொரு கணக்கு மக்கள்தொகையை அலகாகக் கொண்டது. 2025 ஜூலையில் வெளியான தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வரைவு, 2030-க்குள் மக்கள்தொகையில் 90 சதவீதத்துக்கு 5ஜி, அனைவருக்கும் 4ஜி என்று இலக்கு வைக்கிறது. மீதி 10 சதவீதம் யார் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை: ஒதுங்கிய ஊர்கள், தீவுகள், சில நூறு வீடுகள் மட்டுமே உள்ள கடலோரக் கிராமங்கள். கடலுக்கோ மக்கள்தொகையே கிடையாது. அது எந்தக் கணக்கிலும் வராது. இந்தத் திட்டங்களைப் படிக்கும் கடற்கரைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, அலகை.

டில்லியில் திட்டம் உருவாகும் வழி

5ஜிக்கான ஏற்பாடு 2017-இல் ஓர் உயர்நிலை அமைப்போடு தொடங்கியது. அதன் வழிகாட்டும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியராவதற்கு முன் இந்தியக் கடற்படையில் இருந்து, ஒலியால் கடலுக்கடியில் தேடும் சோனார் கருவியை உருவாக்கியவர் அவர். குழுவின் அறிக்கை 2018 ஆகஸ்டில் வந்தது; அடுத்த மாதமே தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பிறகு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டு, கருத்துக் கேட்டு, 2022 ஏப்ரலில் அலைக்கற்றைக்கு, அதாவது கைபேசிச் சேவை ஓடும் ரேடியோ அலைகளுக்கு, விலையையும் நிபந்தனைகளையும் பரிந்துரைத்தது. ஜூனில் அமைச்சரவை இசைந்தது, ஜூலை 26-இல் ஏலம் தொடங்கியது, அக்டோபர் 1-இல் பிரதமர் சேவையைத் தொடங்கிவைத்தார்.

இந்தப் படிகளில் பொதுமக்களுக்குக் கதவு திறந்திருப்பது கலந்தாய்வுக் கட்டத்தில் மட்டுமே. டிராய் தாளுக்கு யாரும் கருத்து அனுப்பலாம். அனுப்பியவை அனைத்தும் ஆணையத்தின் தளத்தில் வெளியாகும். நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கின்றன. மீனவர் சங்கம் ஒன்று எழுதிய கடிதம் என் கண்ணில் பட்டதில்லை. கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை சேவை எட்ட வேண்டும் என்று அங்கே யாராவது கேட்டால்தானே அது நிபந்தனையில் ஏறும்?

எந்த அலை விற்றது என்பதே சங்கதி

ஏழு நாள் நடந்த ஏலத்தில் 72,098 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏலத்துக்கு வந்தது. 51,236 மெகாஹெர்ட்ஸ் விற்றது. அரசுக்குக் கிடைப்பது ரூ.1,50,173 கோடி. அதை 20 ஆண்டுத் தவணையாகக் கட்டலாம் என்று சலுகையும் உண்டு. தொகையைக் கேட்டு மலைத்துவிட்டால் முக்கியமான விவரம் நழுவிவிடும். பாம்பன் கரையில் மீன் ஏலம் போகும்போது வாவலும் மத்தியும் ஒரே விலைக்குப் போவதில்லை. அலைக்கற்றையும் அப்படித்தான், தரத்துக்குத் தரம் விலை வேறு, பயன் வேறு.

700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் அலை ஒரே கோபுரத்திலிருந்து பல கிலோமீட்டர் போகும், சுவரையும் ஊடுருவும். ஆனால் ஒரே நேரத்தில் சுமக்கும் தரவு குறைவு. 3300 மெகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஒன்றிரண்டு கிலோமீட்டரில் களைத்துவிடும். 26 கிகாஹெர்ட்ஸ் அலை தெருமுனை வரைதான். நெருக்கமான நகரத்துக்குப் பின்னவை இரண்டும் பொருத்தம். வீடுகள் சிதறிக் கிடக்கும் வாலிநோக்கம், தேவிபட்டினம், தொண்டி வரையிலான கரைக்குத் தாழ்ந்த அலைதான் ஏற்றது. அந்த 700 மெகாஹெர்ட்ஸை வாங்கியது ஜியோ மட்டுமே. 600 மெகாஹெர்ட்ஸை ஒருவருமே கேட்கவில்லை.

ஆகவே கைபேசி வாங்கப் போகிறவர் பெட்டியில் ‘5ஜி’ என்று இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. விவரக்குறிப்பில் என்28, என்78 என்ற இரண்டு எண்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். முதலாவது 700-க்கு, இரண்டாவது 3300-க்கு. என்28 இல்லாத கைபேசிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி தலைக்கு மேல் போனாலும் தெரியாது. 4ஜி சிம் கார்டே 5ஜிக்கும் போதும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டன. ‘சிம்மை 5ஜிக்கு மாற்றித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்’ என்று அழைப்பு வந்தால் அது மோசடி.

கடலில் ஏன் எட்டுவதில்லை?

40 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறத்தாழ 22 கிலோமீட்டரில் இருக்கும். கடலில் மறைக்க மரமோ கட்டடமோ கிடையாது. எனவே கோபுரத்தின் அலை படகை எட்டுவது பெரிய காரியமல்ல. படகிலிருந்து திரும்பிப் போவதுதான் சிக்கல்: கைபேசி அனுப்பும் திறன் கால் வாட்டுக்கும் குறைவு. திரையில் ஒரு கோடு சிக்னல் தெரிந்தும் அழைப்பு போகாமல் திணறுவது இதனால்தான். கோபுரத்தின் ஆன்டெனா ஊரைப் பார்த்துத் திருப்பப்பட்டிருந்தால், கடல் பக்கம் அதுவும் கிடைக்காது.

இந்தக் கரைக்கென்று இன்னொரு தடையும் உண்டு. தொலைத்தொடர்பு உரிம நிபந்தனைகளின்படி, பன்னாட்டு எல்லையை ஒட்டிய கோபுரங்கள் கூடியவரை எல்லையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். எல்லையை நெருங்கும்போது அலை மங்கிவிடுமாறு அமைக்க வேண்டும். இந்திய–இலங்கைக் கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். ராமேசுவரம் தீவின் கிழக்கு முனையில் சேவையைப் பெருக்கக் கேட்கும்போது இந்த நிபந்தனை குறுக்கே வரும் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. அரிச்சல்முனையில் நிற்கும்போது சிலரது கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்து வரவேற்புச் செய்தி காட்டுவதும் உண்டு. பன்னாட்டு ரோமிங் வசதி போட்டிருப்பவர்கள் அங்கே போகுமுன் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, தரவு ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு 5ஜியைக் காத்திருக்கச் சொல்வது வீண். அவர்களுக்கான திட்டம் மீன்வளத் துறையில் இருக்கிறது: ரூ.364 கோடியில் ஒரு லட்சம் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழி இயங்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி, கட்டணமின்றி. இரு பக்கமும் குறுஞ்செய்தி போகும். ஆபத்தில் பொத்தானை அழுத்தலாம். கரையோரத்தில் சிக்னல் இருக்கும்போது கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093.

6ஜி பேச்சும் இங்கே பொருந்துகிறது. 2023 மார்ச்சில் வெளியான ‘பாரத் 6ஜி’ தொலைநோக்கு ஆவணம் 2030-ஐக் குறிக்கிறது. அதே ஆண்டு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஆறு பயன்பாடுகளில் ஒன்று, சேவை எட்டாத இடங்களுக்கும் எட்டுவது. செயற்கைக்கோளையும் தரைக் கோபுரத்தையும் ஒன்றாகப் பின்னுவது அதற்கான வழிகளில் முக்கியமானது. கடற்கரை கேட்க வேண்டியது அதைத்தான்.

லாபமில்லாத ஊருக்கு யார் செலவழிப்பது?

நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை ஒரு பொது நிதிக்குக் கட்டுகின்றன. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் அதன் பெயர் ‘டிஜிட்டல் பாரத் நிதி’. வணிகக் கணக்கில் கட்டுபடியாகாத இடங்களுக்காகவே அது இருக்கிறது. 2022-இல் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக ரூ.26,316 கோடி ஒதுக்கப்பட்டது. இதற்கு முந்தைய ஆண்டு, ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று மத்திய அரசு பட்டியலிட்ட பின்தங்கிய மாவட்டங்களின் 7,287 கிராமங்களுக்கு ஒரு திட்டம் வந்தது. ராமநாதபுரமும் அந்த வகை மாவட்டம்தான். ஆனால் அந்தத் திட்டம் ஆந்திரம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மகாராஷ்டிரம், ஒடிசா என ஐந்து மாநிலங்களுக்கு மட்டும். பட்டம் கிடைத்தது, கோபுரம் கிடைக்கவில்லை.

கோபுரம் வந்தாலும் அதற்குக் கண்ணாடி இழைக் கேபிள் வேண்டும். இல்லாவிட்டால் 5ஜி என்ற எழுத்து மட்டும் தெரியும், வேகம் வராது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் பணி அதற்காகத்தான். ராமேசுவரம் தீவுக்குள் எந்தக் கேபிளும் பாம்பன் கால்வாயைக் கடந்தாக வேண்டும். மாற்றுப் பாதை எளிதல்ல.

இப்போதே கேட்டுப் பெறக்கூடியவை

2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத் தர விதிகள் இரண்டு காரியம் செய்கின்றன. நிறுவனங்கள் எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்று வரைபடமாகத் தங்கள் தளத்தில் காட்ட வேண்டும். சிம் வாங்குமுன், அல்லது நிறுவனம் மாறுமுன், உங்கள் ஊரை அதில் பெரிதாக்கிப் பாருங்கள். வரைபடம் பச்சையாக இருந்து வீட்டில் சிக்னல் இல்லையென்றால், திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இரண்டாவது, ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் பிரீபெய்டுக்குச் செல்லுபடிக் கால நீட்டிப்பும் தர வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் முடங்கினால் விலக்கு. 2024 நவம்பர் 20-இல் ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட நாளுக்கு இந்த விதி உதவாது. இங்கும் அலகு மாவட்டம்தான். ஒரு மீனவக் கிராமத்தின் கோபுரம் மட்டும் மூன்று நாள் முடங்கிக் கிடந்தால் ஈடு தானாக வராது, புகார்தான் வழி.

புகாருக்கு 198. பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றில் போன புகார். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம். அதன் பிறகு மத்திய அரசின் குறைதீர் தளம். கோபுரமே இல்லாத ஊர் என்றால், தனி ஆள் புகாரைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்கு எடை அதிகம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில், எந்தத் தெருவில், எந்த இறங்குதளத்தில் சிக்னல் இல்லை என்று இடம் சுட்டி நிறைவேற்றி, ஆட்சியர் வழியாகத் தொலைத்தொடர்புத் துறைக்கு அனுப்புங்கள்.

பாசி எடுக்கப் போகும் பெண்கள் பலர் கையில் இன்னும் பொத்தான் கைபேசிதான். அவர்கள் தரவுக்குச் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை. டிராயின் 2024 டிசம்பர் விதித் திருத்தத்தின்படி அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட ரீசார்ஜ் எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும். செல்லுபடி 365 நாள் வரை இருக்கலாம். கடைக்காரர் எடுத்துக் காட்டமாட்டார். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடைசியாக, நிலம் வைத்திருப்பவர்களுக்கு. தனியார் நிலத்தில் கோபுரம் வைப்பது உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். வாடகையை நிறுவனம் உங்களுக்குத் தரும், உங்களிடம் வாங்காது. ‘உங்கள் தென்னந்தோப்பில் 5ஜி டவர், மாதம் பெருந்தொகை வாடகை, டிராய் தடையில்லாச் சான்றுக்கு மட்டும் முன்பணம் கட்டுங்கள்’ என்று முத்திரை போட்ட கடிதத்தோடு வருபவரை நம்ப வேண்டாம். டிராய் அப்படி எந்தச் சான்றும் தருவதில்லை. அவர் பேசிய எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்‌ஷு’ பகுதியில் பதியலாம். பணம் போய்விட்டிருந்தால் நேரம் கடத்தாமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.