ஆல்பம் அட்டை செய்யப் போகிறீர்களா? அச்சையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரில் சொந்தமாகப் பாட்டுப் போடும் தம்பி தங்கைகள் பலர், அட்டையையும் தாங்களே செய்துவிடலாம் என்று ஃபோட்டோஷாப் கற்கிறார்கள். நல்லதுதான். பின்னணியை நீக்குவது, வானத்தை மாற்றுவது எல்லாம் யூடியூப் பார்த்தே வந்துவிடுகிறது. மாட்டிக்கொள்ளும் இடம் அச்சகம்.

திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வருவதில் நிறைய மேடைப் படங்கள். பாடகர் முகத்தில் ஊதாவும் நீலமுமாக எல்இடி வெளிச்சம். போனில் ஜொலிக்கும். அந்த நீலம் அச்சின் நான்கு மைக்குள் அடங்காது. தாளில் இறங்கியதும் ஊதா மங்கி, நிழல் விழுந்த கன்னம் கறுப்பில் மூழ்கிவிடும். "அண்ணே, மை மட்டமா?" என்று கேட்பார்கள். மை என்ன செய்யும்? அச்சகத்தின் கலர் ப்ரொஃபைலை, அதாவது அவர்கள் அச்சில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பை, வாங்கி ஃபோட்டோஷாப்பில் ஏற்றிக்கொண்டு, தொடக்கத்திலேயே கன்ட்ரோல்-ஒய் அழுத்திப் பாருங்கள். தாளில் எப்படி வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியில் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். முகத்தையே வெளுப்பாக்கச் சொன்னால் நான் செய்வதில்லை. மாநிறம் ஒன்றும் கறை இல்லை. சன்ஷைன் பிளாசா பக்கம் அச்சுக் கடைகள் இருக்கின்றன. ஒரு தாள் மாதிரி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சிடி அட்டையின் முன்பக்கம் சுமார் 120 மி.மீ. சதுரம். வெட்டு விலகினாலும் வெள்ளை தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் வேண்டும். 300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்குக்கு, அது பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 1,490 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ட்ரீமிங்கிற்கும் சேர்த்து 3,000 பிக்சல் சதுரத்தில் தொடங்குவது நல்லது. எல்பி இசைத்தட்டின் பெரிய உறைக்கு அதுவும் போதாது.

தமிழ்த் தலைப்பு தனித் தலைவலி. 'கொ' என்று தட்டினால் சில பதிப்புகளில் கொம்பும் காலும் 'க'வோடு சேராமல் இடம் மாறிப் பிரிந்து நிற்கும். டைப் அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுத்தால் சரியாகும். அச்சகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். உடைந்த எழுத்து உடைந்தபடியே ஆயிரம் பிரதி அச்சாகிவிடும். அனுப்புமுன் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுங்கள். பாடல் வரிகளைக் கறுப்புப் பின்னணியில் பொடி வெள்ளையில் போடவேண்டாம், சுழியெல்லாம் மையில் அடைந்துபோகும்.

காசு கொடுத்து எடுத்த படம், நம்முடையதுதானே என்றும் நினைக்காதீர்கள். 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நீங்கள் அமர்த்திய ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரருக்கே படத்தின் உரிமை. அவர் பெயரையும் குறிப்பிடவேண்டும். சிடி, போஸ்டர், டி-சட்டை என்று எதற்கெல்லாம் அந்தப் படம் போகும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்பம் ஹிட்டான பிறகு கேட்டால் விலையே வேறு.