வடிவம் சரி, உலோகம் பிழை

போன மாதம் மட்டக்குளியில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு லோஞ்ச் வந்தது. 1960களில் கட்டிய தேக்குப் படகு. பொல்கொட வாவியில் நிற்பது, அப்பா ஓட்டிய படகு என்று உரிமையாளர் அதை உயிராக வைத்திருக்கிறார். இஞ்சின் கொஞ்சம் சூடாகிறது, பார்த்துத் தாருங்கள் என்றுதான் கொண்டுவந்தார். படகைக் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்துவிட்டு, இஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்கிற அடிவால்வின் கைப்பிடியைப் பிடித்து லேசாகத் திருப்பினேன். கைப்பிடி அசையவில்லை, வால்வே கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிட்டது.

தண்ணீரில் நிற்கும்போது இது முறிந்திருந்தால்? ஒன்றேகால் அங்குலத் துளை, நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே. நிமிடத்துக்கு 60 லீற்றருக்கு மேல் உள்ளே வரும்.

முறிந்த இடத்தை டோர்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல பித்தளை என்றால் உள்ளே மஞ்சளாக மின்ன வேண்டும். இது செங்கல் தூள் நிறத்தில் இருந்தது, பேனாக்கத்தியால் சுரண்டச் சுரண்டப் பொடியாக உதிர்ந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்தால் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய், செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிஞ்சும். பொல்கொட வாவி பாணந்துறைப் பக்கம் கடலோடு சேருகிறது, அதனால் அங்கேயும் இது நடக்கும். வெளி வடிவம் மட்டும் மாறாது, மேலே பெயின்ட் அடித்திருந்தால் யாருக்கும் தெரியாது.

உரிமையாளரிடம் விசாரித்தேன். மூன்று வருஷத்துக்கு முன் பழைய வால்வு இறுகிவிட்டதாம், அதே மாதிரி எங்கேயும் கிடைக்காததால் ஒரு ஹாட்வெயார் கடையில் அளவு ஒத்த பித்தளை வால்வு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் செய்த வால்வு அது.

"பழையது எங்கே ஐயா?"

"அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தாச்சு தம்பி. என்னத்துக்கு வைத்திருக்க?"

எனக்கு வயிறு எரிந்தது. அவர் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது கூம்பு மாதிரி ஒரு முளை உள்ளே திரும்புகிற பழைய கன்மெட்டல் வால்வு, அதாவது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். ஐம்பது வருஷம் தாங்கிய சாமான். இறுகியதைக் கழற்றி, வால்வு தேய்க்கிற பேஸ்ட் போட்டுக் கையால் தேய்த்துக் கிரீஸ் வைத்திருந்தால் ஒரு பின்னேர வேலை.

பழைய படகு வைத்திருக்கும் எல்லாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். உடைந்த பாகத்தை எறியாதீர்கள். எவ்வளவு கேவலமாக இருந்தாலும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். புதிது செய்ய வேண்டி வந்தால் அதன் அளவு மட்டுமல்ல, என்ன உலோகம் என்பதும் அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

தேடுவதைப் பற்றிச் சொன்னால், எல்லாமே அபூர்வப் பாகம் கிடையாது. 'படகு இஞ்சினுக்கு சாமான் இருக்கா' என்று வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தவர்கள் கைவீசிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். இஞ்சின் நம்பரைப் பாருங்கள். பேர்கின்ஸ் இஞ்சினில் அது எல்-டி என்று தொடங்கினால் 4.236 என்ற மாடல், மெஸி பேர்குசன் உழவு இயந்திரங்கள் சிலவற்றில் இருக்கும் அதே இஞ்சின். பிஸ்டன், லைனர், கஸ்கெட் எல்லாம் உழவு இயந்திரக் கடையில் கேட்டால் கடைக்கார நானா உள்ளே போய் எடுத்து வந்து மேசையில் வைப்பார், பாக நம்பரை மட்டும் ஒப்பிட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீர் பம்ப், தண்ணீர் ஓடும் சைலன்சர் மெனிபோல்ட், வெப்பம் மாற்றி இந்த மூன்றும்தான் முக்கியமாகப் படகுக்கே உரியவை, உங்கள் நேரத்தையும் காசையும் இவற்றுக்குச் சேமித்து வையுங்கள். பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைக்கூட விட்டம், அகலம், தண்டின் அளவு, இதழ் எத்தனை, தண்டில் பூட்டுவது சாவித்துண்டா ஸ்பிளைன் பற்களா என்று எழுதிக்கொண்டு போனால் வேறு கொம்பனி சாமானில் பொருந்துவது அகப்படும்.

ஒன்று மட்டும் வேண்டாம். பெற்றோல் இஞ்சின் படகுக்குக் காரின் ஸ்டாட்டர், ஒல்டர்னேட்டர் போடாதீர்கள். காருக்குக் கீழே காற்றோட்டம் இருக்கிறது, படகில் பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமாக அடித்தட்டில் தேங்கி நிற்கும். பொறி வெளியே வராதபடி மூடாத கார் சாமானிலிருந்து ஒரு பொறி போதும்.

சரி, எங்கேயுமே கிடைக்காதது வார்த்துத்தான் எடுக்க வேண்டும். கொழும்பில் நல்ல வார்ப்புப் பட்டறைகள் இருக்கின்றன, ஆனால் 'பித்தளையில் ஊற்றித் தாங்க' என்று சும்மா சொல்லிவிட்டு வந்தால் பழைய பைப், பூட்டு, குத்துவிளக்கு என்று கையில் கிடைத்ததெல்லாம் உருகி வரும். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பாகத்துக்குக் கன்மெட்டல் வேண்டும், செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2. உலோகத்தை நீங்களே கொடுப்பது நல்லது. இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். பழைய புரொப்பெல்லர் ஒன்று கிடைத்தால் 'இது வெண்கலம்தானே, உருக்கிவிடலாம்' என்று தோன்றும். அநேகமான பழைய புரொப்பெல்லர்கள் மாங்கனீஸ் வெண்கலம், பெயரில்தான் வெண்கலம், உள்ளே நூற்றுக்கு நாற்பது அளவில் துத்தநாகம்! புரொப்பெல்லர் தடிப்பானது, கண்ணுக்குத் தெரிவது, பக்கத்தில் அதற்காக அரிபடும் துத்தநாகக் கட்டியும் இருக்கும், அதனால் தப்பிவிடும். அதே உலோகத்தில் மெல்லிய கழுத்து வைத்து வால்வு செய்தால் பழைய கதைதான்.

சந்தேகமாக இருந்தால் நான் துண்டை எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போவேன். தங்கம் வாங்குகிறவர்கள் நகையை வைத்துப் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் செம்பையும் துத்தநாகத்தையும் காட்டிக்கொடுக்கும். முதல் தடவை வால்வுத் துண்டை நீட்டியபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது பழகிவிட்டார்.

அப்புறம் அளவு. பழைய பாகத்தையே மணலில் அழுத்தி வார்த்தால் புதிது சின்னதாகத்தான் வரும், ஏனென்றால் இந்த உலோகங்கள் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும். 200 மில்லிமீற்றர் பாகம் 3 மில்லிமீற்றர் குறையும், லேத்தில் கடைய வேண்டிய இடங்களில் அதற்கும் மேலே சதை வேண்டும். பழைய பாகத்தின் மேல் வாகனப் புட்டி பூசித் தடிப்பாக்கலாம், சிக்கலான வடிவம் என்றால் மொரட்டுவையில் ஒரு தச்சரிடம் மரத்தில் அச்சுச் செய்விப்பேன்.

மரைக்கும் ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் சாமான்களில் விட்வேர்த் மரை, கோணம் 55 பாகை. அரை அங்குலத்தில் அதற்கு அங்குலத்துக்கு 12 பல், அமெரிக்க யூ.என்.சி. மரைக்கு 13. ஒன்றின் நட் மற்றதில் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறிவிட்டு இறுகும், அங்கே ஸ்பானரில் பலம் கொடுத்தால் கிடைக்காத பாகத்தின் மரை போய்விடும். மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை.

ஸ்டெயின்லெஸ் போடலாமே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஈர மரத்துக்குள் காற்றுப்படாமல் புதைந்திருக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட், 316 என்கிற உயர்ந்த ரகம் என்றாலும், குழி விழுந்து அரிபடும். தலை பளபளவென்று இருக்க நடுவில் நூலாக மெலிந்த போல்ட்டுகளை என் கையால் உருவி எடுத்திருக்கிறேன்.

அந்த லோஞ்சுக்கு இரண்டு வால்வு வார்த்தோம், ஒன்று பொருத்த, ஒன்று கையிருப்புக்கு. கடைந்து முடித்ததும் விளிம்பில் அடையாள எழுத்து குத்துகிற பன்ச்சால் 88-10-2 என்றும் வருஷத்தையும் அடித்துவிட்டேன். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அதைக் கழற்றுகிறவர் யாரென்று தெரியாது, அவர் உலோகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.