மீட்டரில் 12 வோல்ட், விளக்கில் மட்டும் மங்கல்

வாசகர் ஒருவரின் கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் இருக்கிறது. அவருடைய அப்பா ஓட்டிய பழைய கார், பல வருடம் மூடிக் கிடந்தது. எஞ்சினைச் சரிசெய்து ஓட வைத்துவிட்டார். ஹெட்லைட்தான் மெழுகுவத்தி மாதிரி எரிகிறது. புது பல்பு போட்டார், புது பேட்டரி போட்டார், வெளிச்சம் கூடவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. கூடவே இன்னொரு தொல்லை: பிரேக்கை மிதித்தால் இடதுபக்க இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தால், நாலைந்து பேர் வெவ்வேறு காலத்தில் கைவைத்துவிட்டுப் போன வயர்க் குவியல். "மீட்டர் பொய் சொல்கிறதா? மொத்த வயரிங்கையும் பிடுங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்.

பிடுங்க வேண்டாம். இன்சுலேஷன் கையில் உதிர்ந்தால் மட்டும் புது ஹார்னஸ், அதாவது மொத்த வயர்க் கட்டு, தேவை. ரப்பரும் பருத்தி நூலும் சுற்றிய மிகப் பழைய வயர்கள் அப்படித்தான் உதிரும். பிவிசி வயராக இருந்து, வளைத்தாலும் வெடிக்காமல் இருந்தால், உள்ளே இருக்கும் செம்பு இன்னும் பல வருடம் உழைக்கும். பழைய காரில் வயர் நடுவழியில் கெடுவது குறைவு. வயர் முடிந்து இன்னொரு உலோகத்தைத் தொடும் இடத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது.

மீட்டரும் பொய் சொல்லவில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். 12 வோல்ட்டில் அதன் வழியே போகும் மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வழியில் எங்கோ ஒரு டெர்மினல் (வயரின் நுனியில் இருக்கும் உலோக முனை) துருப்பிடித்து 100 ஓம் தடையாக நிற்கிறது என்று வையுங்கள். இவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு அங்கே இழப்பு ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மீட்டரின் கண்ணில் அது படவே படாது. அதே வழியாக 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் கேட்கும்போது கதை மாறுகிறது. அப்போது 100 ஓம் தேவையில்லை, அரை ஓம் போதும், இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்ததுதான் வாசகர் செய்த ஒரே தவறு. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்திருந்தால் பத்து வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பத்து வோல்ட் என்றால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைகிறது, வெளிச்சம் ஏன் இவ்வளவு போய்விடுகிறது? மின்னிழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இல்லை. ஏறக்குறைய அதன் 3.4 அடுக்கில் மாறுகிறது. மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 16 சதவீதம் குறையும். 10 சதவீதம் குறைந்தால் 30 சதவீதம். 20 சதவீதம் குறைந்தால் பாதிக்கும் கீழே. இழை சற்றுக் குளிர்ந்தாலும் அது உமிழும் ஆற்றலில் இன்னும் கூடுதலான பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போய்விடுகிறது. அதனால்தான் மங்கலான ஹெட்லைட் மஞ்சளாகவும் தெரிகிறது.

தொலைந்த வோல்ட் காற்றில் கரைவதில்லை. ஒரு மூடிய சுற்றில் ஒவ்வொரு இடத்திலும் இறங்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் மூலத்தின் மின்னழுத்தம் வந்தே தீரும். 1845இல் குஸ்தாவ் கிர்க்காஃப் 21 வயதில் எழுதிவைத்த விதி இது. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். பல்பில் 10 வோல்ட் என்றால் மீதி இரண்டரை வோல்ட் சுவிட்சிலோ, ஃப்யூஸ் பிடியிலோ, வயரைக் காரின் உலோக உடம்போடு இணைக்கும் எர்த் திருகிலோ இருக்கிறது. அந்த இடத்தில் 10 வாட் சூடாகிக்கொண்டும் இருக்கிறது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுவிட்சுக்குள் 10 வாட் என்பது அதை இளக்கப் போதுமானது. பழைய கார்களில், ஹெட்லைட்டை பிரைட்டுக்கும் டிம்முக்கும் மாற்றும் டிப்பர் சுவிட்ச் உருகிக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு டெர்மினல்கள் ஒன்றையொன்று "தொடுகின்றன" என்று சொல்கிறோமே, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?

கண்ணுக்குப் பளபளவென்று சமமாகத் தெரியும் பித்தளைத் தகடு, நுண்ணோக்கியில் மலைத்தொடர். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைப்பது, ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து இன்னொன்றின் மேல் வைப்பது போல. சிகரங்கள் மட்டும்தான் முட்டிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. மின்னோட்டம் முழுவதும் அந்த ஒருசில சிகரங்களில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, மறுபக்கம் போய் மீண்டும் விரிகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோல்ம் (1879–1970) வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் புள்ளிகளை ஆராய்வதிலேயே செலவிட்டார். முட்டும் பரப்பின் அளவைத் தீர்மானிப்பது தகட்டின் அகலம் இல்லை, அதை அழுத்தும் விசையும் உலோகத்தின் கடினமும்தான். பெரிய டெர்மினலைத் தளர்வாக மாட்டுவதைவிடச் சிறிய டெர்மினலை இறுக்கமாக மாட்டுவது மேல்.

அந்தப் புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? செம்பின் தடைத்திறனை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள ஒரே ஒரு சுத்தமான புள்ளி இருந்தால், அதன் தடை ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தலைமுடியைவிட மெல்லிய புள்ளி அது! ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் அதன் வழியே போனாலும் இழப்பு நான்கு மில்லிவோல்ட் அளவில்தான். முதல்முறை இந்த விடை வந்தபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மீண்டும் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு குறைவான இடம் போதும் என்றால், நம் வாசகரின் காரில் அரை ஓம் எப்படி வந்தது?

அந்தப் புள்ளி சுத்தமாக இல்லை. செம்பின் மேல் படியும் சிவப்பு ஆக்சைடு ஒரு குறைகடத்தி. சிலிக்கான் டையோடுகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1920களில், இந்த ஆக்சைடை வைத்து, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ரெக்டிஃபையர் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் சிகரங்களுக்கு நடுவே புகுந்துவிட்டால் உலோகம் உலோகத்தைத் தொடுவதே நின்றுவிடும். கார் ஓடும்போது இருக்கும் அதிர்வு இதை இன்னும் மோசமாக்குகிறது. டெர்மினல்கள் ஒன்றின்மேல் ஒன்று மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் உரசி ஆடுகின்றன. ஒவ்வொரு உரசலிலும் புது உலோகம் வெளிப்பட்டு, அது ஆக்சைடாகி, பொடியாக உதிர்ந்து அங்கேயே தங்குகிறது. தடை கூடினால் சூடு கூடும். சூட்டில் டெர்மினலின் வில்விசை தளரும். தளர்ந்தால் முட்டும் சிகரங்கள் குறையும்; தடை மறுபடி கூடும். "லூஸ் காண்டாக்ட்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோமே, அதற்குள் இவ்வளவும் நடக்கிறது.

ஒரு துருப்பிடித்த டெர்மினலை ஆராய்வதற்கு நிதி கேட்டால் எந்தக் குழுவும் சுலபத்தில் தராது. பெரிய துகள்முடுக்கிக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இன்றைய மின்சாரக் கார்களில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இதே மாதிரிச் சிகரங்களின் வழியாகத்தான் போகிறது. இந்தத் துறைக்கு இப்போது தருவதைப்போலப் பல மடங்கு தர வேண்டும்.

இண்டிகேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பிரேக்கை மிதித்தால் சம்பந்தமில்லாத விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு ராசியில்லை என்று விற்றவர்களை எனக்குத் தெரியும். ஒரு எர்த் திருகு துருப்பிடித்ததற்கு ராசியைப் பழிப்பது எனக்குத் தாங்க முடியாத ஒன்று. நடப்பது இதுதான்: பின்பக்க விளக்குக் கூட்டில் பிரேக் பல்புக்கும் இண்டிகேட்டர் பல்புக்கும் பொதுவாக ஒரே எர்த். அது அறுந்தால், பிரேக் பல்பின் இழையைத் தாண்டி வந்த மின்னோட்டத்துக்கு காரின் உடம்புக்குப் போக வழியில்லை. பக்கத்தில் இண்டிகேட்டர் பல்பின் அடிப்பாகம் அதே உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மின்னோட்டம் அந்தப் பல்புக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து, அதன் சப்ளை வயரில் எதிர்த்திசையில் ஓடி, முன்பக்க இண்டிகேட்டருக்குப் போய், அங்கே நன்றாக இருக்கும் எர்த்தில் இறங்குகிறது. மின்னிழைக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். இப்போது மூன்று பல்புகள் தொடரிணைப்பில். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வோல்ட். எல்லாம் மங்கல்.

இந்தத் திருட்டு வழி இவ்வளவு சுலபமாகத் திறப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 21 வாட் பல்பின் இழை எரியும்போது சுமார் 7 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். எரியாத பல்பு கிட்டத்தட்ட ஒரு வயர். அந்தக் கூட்டிலிருந்து உடம்புக்குத் தற்காலிகமாக ஒரு வயரை வைத்துத் தொட்டுப் பாருங்கள். கூடுதல் விளக்கு உடனே அணையும்.

குவியலைப் பிரிப்பது பொறுமை சார்ந்த வேலை. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், அதிலும் உடம்போடு இணைந்த எர்த் முனையை முதலில். மற்ற முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் உடம்பில் பட்ட நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். எது எர்த் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் உடம்போடு இணைந்திருந்தது.

பிறகு நிறங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் வருவது, எப்போதும் உயிரோடு இருப்பது. வெள்ளை, சாவி போட்டபின் உயிர் பெறுவது. பச்சை, அதே வெள்ளை ஃப்யூஸைத் தாண்டியபின். நீலம் ஹெட்லைட்: வெள்ளைக் கோடு இருந்தால் பிரைட், சிவப்புக் கோடு இருந்தால் டிம். சிவப்பு டெயில் லைட்டுக்கு, கருப்பு எர்த்துக்கு. ஜெர்மன் கார்களில் முனைகளில் எண்களே பொறித்திருக்கும்: 30 பேட்டரி, 15 சாவிக்குப் பின், 31 எர்த். நிறம் வெளிறிப்போயிருந்தால் உறையைச் சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

எந்த நிறத்திட்டத்திலும் சேராத வயர்கள் பிறகு வந்தவை: பழைய ரேடியோ, அலாரம், என்றோ கழற்றிய ஃபாக் லைட். அவற்றை முதலில் எடுத்துவிட்டால் குவியல் கணிசமாகச் சுருங்கிவிடும். ஒவ்வொன்றையும் இரண்டு முனையும் கண்டுபிடித்து, காகிதத்தில் வரைந்து, சீட்டுக் கட்டிய பிறகே வெட்டுங்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று யாராவது பெரிய ஃப்யூஸ் போட்டிருந்தால் அன்றே மாற்றுங்கள். ஃப்யூஸ் காப்பது வயரை. அதைப் பெரிதாக்கினால் வயர்தான் ஃப்யூஸாக எரியும்.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை வெட்டிவிட்டு, வயர் நுனியில் மாட்டும் உலோக லக்கைச் சரியான கருவியால் நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். அந்த அழுத்தத்தில் வயரின் செம்பு இழைகள் நசுங்கி, படலம் உடைந்து, சுத்த உலோகம் சுத்த உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது, இடையில் காற்று புக இடமே இல்லாமல். ஈயம் வைப்பதும் நல்ல மின்னிணைப்புத்தான், ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறுகிறது. ஊறிய பகுதி கம்பி போல விறைத்து, அது முடியும் ஓரத்தில் அதிர்வு முழுவதும் குவிகிறது. பிற்பாடு அங்கேதான் முறியும். ஈயம் வைத்தே ஆக வேண்டுமானால் அந்த ஓரம் ஆடாதபடி இறுக்கமாகத் தாங்கு கொடுங்கள்.

எர்த் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சிட்ட பிறகு திருகை முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். அது மின்சாரம் கடத்தாதே என்று பயப்பட வேண்டாம். முட்டும் சிகரங்களில் அது பிதுங்கி வெளியே போய்விடும். மற்ற பள்ளங்களை நிரப்பி ஈரத்தையும் ஆக்சிஜனையும் தடுக்கும். ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே வையுங்கள்: சிறு மின்னோட்டத்தால் இயங்கி, பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பழைய டிப்பர் சுவிட்ச் அதன் பிறகு ரிலேயின் சுருளுக்கான சிறு மின்னோட்டத்தை மட்டும் சுமக்கும். பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகக் குறுக்கே போய்விடும்.

வாசகருக்கு ஒரு வேலை. இன்று இரவு ஹெட்லைட்டைப் போட்டு வைத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையைப் பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த் பக்கம். காட்டாவிட்டால் டிப்பர் சுவிட்சின் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் நடுவே அளங்கள். பிறகு ஃப்யூஸ் பிடி, இருந்தால். கிடைத்த எண்களை எனக்கு எழுதுங்கள்.